லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கீபோர்டு ஷார்ட்கட்களை மாற்றுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

லினக்ஸுக்கு மாறிய முதல் சில நாட்களில் கையைத்தான் அதிகம் சோதிக்கும். பல வருடம் பழகிய ஷார்ட்கட்டை அழுத்தினால் வேறு எதுவோ திறக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. இதை மாற்றலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மாற்ற வேண்டிய இடம் ஒன்றாக இல்லை. கொஞ்சம் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில், கொஞ்சம் மொழி உள்ளீட்டு மென்பொருளில், கொஞ்சம் அந்தந்த செயலிக்குள், கொஞ்சம் எந்தத் திரையிலும் காட்டப்படாத மூலையில் என்று சிதறிக் கிடக்கிறது. நான் இதில் அலைந்து நிறைய நேரத்தைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்க வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்த ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் அந்த விசைகளை உங்களுக்கு முன்பே வேறு யாரோ பிடித்துவைத்திருப்பார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை. விசையை அழுத்தியதும் அது முதலில் கீபோர்டின் உள்ளே இருக்கும் சில்லைத் தாண்டுகிறது, அப்புறம் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அப்புறம் டெஸ்க்டாப் (விண்டோக்களையும் மெனுக்களையும் காட்டும் மென்பொருள்), அப்புறம் மொழி உள்ளீட்டு மென்பொருள், கடைசியாகத்தான் உங்கள் செயலி. மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டால் கீழே இருப்பவருக்கு வந்து சேராது. இந்த வரிசை நினைவில் இருந்தால் கீழே வரும் எல்லாமே சுலபமாகப் புரியும்.

பெரும்பகுதியை க்னோம் டெஸ்க்டாப்பை வைத்து எழுதியிருக்கிறேன். உபுண்டு, ஃபெடோரா இரண்டின் முதன்மைப் பதிப்பிலும் அதுதான் வருகிறது. கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் பயன்படுத்துபவர்களுக்கு ஆறாவது படி இருக்கிறது. பட்டன்களின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறலாம்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

செலவு எதுவும் இல்லை. இங்கே சொல்லும் எல்லாக் கருவியும் இலவசம். செட்டிங்ஸில் செய்யும் மாற்றங்களுக்கு நிர்வாகி கடவுச்சொல் தேவையில்லை, உங்கள் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். கருவி எதையாவது புதிதாக நிறுவும்போது மட்டும் கடவுச்சொல் கேட்கும்.

நேரம்: மாற்றி முடிக்க அரை மணி நேரம் போதும். கை பழகத்தான் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் அவசர வேலை குவிந்திருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

இரண்டு விவரங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரும் பதிப்பும். இரண்டாவது, அது வேலண்டில் ஓடுகிறதா, எக்ஸ்11-இலா. இவை விண்டோக்களைத் திரையில் காட்டி, விசைகளைச் செயலிகளுக்கு அனுப்பும் இரண்டு முறைகள். எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது. க்னோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் சிஸ்டம் டீட்டெய்ல்ஸைத் திறந்தால் இரண்டும் தெரியும். வேலண்டா இல்லையா என்பது முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பழைய யோசனைகளில் பாதி எக்ஸ்11-க்கு எழுதப்பட்டவை. எக்ஸ்பைண்ட்கீஸ், எக்ஸ்டூடூல் போன்ற கருவிகளை நிறுவச் சொல்லும் யோசனையைப் பார்த்தால், நீங்கள் வேலண்டில் இருக்கும் பட்சத்தில் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். வேலண்டில் ஒரு செயலி தன் இஷ்டத்துக்கு எல்லா விசைகளையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

2. எதை மாற்றப்போகிறீர்கள் என்று ஒரு பட்டியல்

செட்டிங்ஸைத் திறந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் மாற்றத் தோன்றும். வேண்டாம். ஒரே நாளில் இருபது ஷார்ட்கட்டை மாற்றினால் ஒன்றுகூட நினைவில் நிற்காது. இரண்டு நாள் வழக்கம்போல வேலை பாருங்கள். எந்த வேலைக்காக மவுஸைத் திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள், எந்த விசையை அழுத்தி ஏமாறுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். மூன்று பத்தி போதும்: என்ன வேலை, இப்போது எந்த விசை, இனி எந்த விசை.

ஐந்து அல்லது ஆறில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களின் பட்டியலில் வருபவை இவைதான்: டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சும் விண்டோ) திறப்பது, கோப்பு மேலாளரைத் திறப்பது, திரையின் ஒரு பகுதியைப் படம் பிடிப்பது, விண்டோக்களுக்கு இடையே தாவுவது, பணியிடம் (விண்டோக்களைப் பிரித்துவைக்கும் தனித்தனித் திரை) மாறுவது, எழுதும் மொழியை மாற்றுவது.

இதில் ஒன்று இயல்பாகவே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். க்னோமில் ஆல்ட் + டேப் செயலிகளுக்கு இடையே தாவினால், ஒரே செயலியின் பல விண்டோக்களுக்கு இடையே தாவ ஆல்ட்டோடு டேப்புக்கு மேலே உள்ள விசை. இது தெரியாமல் ஆல்ட் + டேப் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். பிரிண்ட் ஸ்கிரீன் விசை, க்னோம் 42-இலிருந்து, பகுதியைத் தேர்ந்தெடுக்கும் திரையைத் திறக்கும். ஷிப்டோடு அழுத்தினால் முழுத் திரை, ஆல்ட்டோடு அழுத்தினால் நடப்பு விண்டோ. தனிக் கருவி எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

3. முதலில் ஒரு நகல்

க்னோம் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் டிகான்ஃப் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. டெர்மினலைத் திறந்து டிகான்ஃப் (dconf), டம்ப் (dump), ஒரு சாய்கோடு (/), பெரிது-குறி (>), நீங்கள் விரும்பும் கோப்புப் பெயர் என்று இடைவெளி விட்டு ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள். எல்லா செட்டிங்ஸும் ஒரு சாதாரண உரைக்கோப்பாக வந்துவிடும். இந்தக் கோப்பில் நீங்கள் மாற்றியவை மட்டுமே இருக்கும், கைவைக்காதவை இருக்காது. அதனால் அளவில் சிறியது, திறந்து படித்தாலும் புரியும்.

ஷார்ட்கட்கள் மட்டும் வேண்டும் என்றால் அவை நான்கு இடத்தில் இருக்கின்றன. விண்டோ மேலாண்மைக்கு ஒன்று, க்னோம் ஷெல்லுக்கு (பட்டியையும் செயலிகள் பட்டியலையும் காட்டும் பகுதி) ஒன்று, மட்டர் என்ற விண்டோ மேலாளருக்கு ஒன்று, நீங்கள் சேர்த்த சொந்தக் கட்டளைகளும் ஒலி, ஒளி விசைகளும் அடங்கிய மீடியா-கீஸ் என்று ஒன்று. சொந்தக் கட்டளைகள் மீடியா-கீஸில் இருப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 'கீபைண்டிங்ஸ்' என்று தேடி நகல் எடுத்துவிட்டு, புதுக் கணினியில் ஏற்றியதும் சொந்தக் கட்டளைகள் காணவில்லை என்று தவிப்பது இதனால்தான். சந்தேகமாக இருந்தால் முழுவதையும் நகல் எடுத்துவிடுங்கள்.

கேடிஇ-யில் வீட்டு அடைவின் மறைந்த கான்ஃபிக் அடைவுக்குள் கேகுளோபல்ஷார்ட்கட்ஸ்ஆர்சி என்ற ஒரே கோப்பை நகலெடுத்தால் டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட்கள் வந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇ-யில் அதே கான்ஃபிக் அடைவில் எக்ஸ்எஃப்கான்ஃப் அடைவுக்கு உள்ளே, பெயரில் கீபோர்டு-ஷார்ட்கட்ஸ் என்று முடியும் எக்ஸ்எம்எல் கோப்பு.

4. எந்த விசைகளைத் தொடக் கூடாது

ஒரு விசைக் கூட்டு காலியாகத் தெரிவதால் அது உண்மையிலேயே காலி என்று அர்த்தமில்லை. பட்டியலைப் பாருங்கள்.

எஃப்என் விசை: பெரும்பாலான லேப்டாப்களில் இது கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கணினிக்குத் தகவலே போவதில்லை. அதனால் எஃப்என்னோடு எழுத்தைச் சேர்த்து ஷார்ட்கட் வைக்க முடியாது. எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகள் ஒலியையும் வெளிச்சத்தையும் மாற்றுகின்றன, எஃப் விசைகளாக வேலை செய்யவில்லை என்றால் லேப்டாப்பின் எஃப்என் பூட்டைப் பாருங்கள். சிலவற்றில் எஃப்என் + எஸ்கேப், சிலவற்றில் பயாஸ் திரையில் மாற்ற வேண்டும்.

கண்ட்ரோல் + ஆல்ட்டோடு எஃப் விசைகள்: இவை உங்களைக் கறுப்பு உரைத் திரைக்கு எடுத்துப்போகும். ஷார்ட்கட்டாக வைக்க முயலாதீர்கள். தவறி அழுத்திவிட்டால் பதற வேண்டாம், வேலை எதுவும் அழியாது. கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்1 அல்லது எஃப்2 அல்லது எஃப்7-ஐ முயன்று பாருங்கள், டெஸ்க்டாப் திரும்பிவரும்.

வலது ஆல்ட்: பல மொழி அமைப்புகளில் இது ஆல்ட் அல்ல, கூடுதல் எழுத்துகளுக்கான விசை. ஷார்ட்கட்டுக்கு எப்போதும் இடது ஆல்ட்.

கண்ட்ரோலோடு ஒரே ஒரு எழுத்து: கிட்டத்தட்ட எல்லா எழுத்தையும் செயலிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. இதை டெஸ்க்டாப்புக்கு ஒதுக்கினால் எல்லாச் செயலியிலும் அந்த எழுத்து போய்விடும். கண்ட்ரோல் + எஸ்-ஐ ஸ்கிரீன்ஷாட்டுக்கு வைத்தால் எந்தக் கோப்பையும் அதனால் சேமிக்க முடியாது.

சூப்பரோடு (விண்டோஸ் சின்னம் இருக்கும் விசை) 1 முதல் 9 வரை: புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். க்னோமில் இந்த ஒன்பதும் பட்டியில் குத்திவைத்த செயலிகளைத் திறக்க ஒதுக்கப்பட்டவை. ஆனால் செட்டிங்ஸின் ஷார்ட்கட் பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. நீங்கள் சூப்பர் + 2-ஐ வேறு வேலைக்கு வைப்பீர்கள், அமைப்பும் மறுக்காது, அழுத்தினால் பட்டியில் இரண்டாவதாக இருக்கும் செயலி திறக்கும். விடுவிக்க டிகான்ஃப் எடிட்டரை நிறுவி, க்னோம் ஷெல்லின் கீபைண்டிங்ஸ் பகுதியில் 'ஸ்விட்ச்-டு-அப்ளிகேஷன்' என்று தொடங்கும் வரிகளைக் காலிப் பட்டியலாக்க வேண்டும். உபுண்டுவில் பக்கவாட்டு டாக்கும் தனியாக இதே எண்களைப் பிடித்துவைத்திருக்கும், அதன் 'ஹாட்-கீஸ்' அமைப்பையும் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் எது பாதுகாப்பு? சூப்பரோடு எழுத்து. செயலிகள் இதைத் தொடுவது அபூர்வம், டெஸ்க்டாப்புக்கென்றே விடப்பட்டது. சூப்பர் + எல் திரையைப் பூட்டுவது, சூப்பர் + ஏ செயலிகள் பட்டியல் என்பதுபோல ஏற்கெனவே போனவற்றை விட்டு மற்றதில் தேர்ந்தெடுங்கள். போதாவிட்டால் சூப்பர் + ஷிப்ட். மூன்றுக்கு மேல் விசை சேர்ந்த எதையும் நீங்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு பயன்படுத்தமாட்டீர்கள்.

5. க்னோமில் மாற்றுவது

செட்டிங்ஸ், கீபோர்டு, 'வியூ அண்ட் கஸ்டமைஸ் ஷார்ட்கட்ஸ்'. மேலே தேடும் பெட்டி இருக்கிறது. தலைப்பு தலைப்பாகத் தேடாமல் வேலையின் பெயரை அங்கே தட்டச்சுங்கள்.

வரியைக் கிளிக் செய்து புது விசையை அழுத்த வேண்டும். அந்தத் திரையில் எஸ்கேப் அழுத்தினால் மாற்றம் ரத்து, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அந்த ஷார்ட்கட்டே முடங்கிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் அழுத்தியது வேறொன்றுக்கு இருந்தால், இது இந்த வேலைக்கு இருக்கிறது, மாற்றினால் அது முடங்கும் என்று எச்சரிக்கை வரும். அவசரத்தில் ரிப்ளேஸை அழுத்தாமல், முடங்கப்போவது எது என்று படித்து உங்கள் தாளில் எழுதிவிட்டு அழுத்துங்கள். மாற்றிய வரிக்குப் பக்கத்தில் பழையபடி ஆக்கும் சிறு பட்டன் தோன்றும். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் 'ரீசெட் ஆல்' தனி. அதைத் தொடும் முன் மூன்றாவது படியின் நகல் கையில் இருக்கட்டும்.

சொந்தக் கட்டளைக்குப் பட்டியலின் கடைசியில் 'கஸ்டம் ஷார்ட்கட்ஸ்'. பெயர், கட்டளை, விசை என்று மூன்றைக் கேட்கும். பெயர் உங்கள் வசதிக்கு. கட்டளைதான் சிக்கல் தரும் இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டெர்மினலில் நன்றாக ஓடும் கட்டளை இங்கே ஓடாமல் போகலாம். காரணம், இந்தப் பெட்டியில் எழுதுவது டெர்மினலின் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வழியாகப் போவதில்லை, நேராக நிரலாக ஓட்டப்படுகிறது. ஷெல் செய்துதரும் எந்த வசதியும் இங்கே கிடைக்காது. வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்குறி (~) புரியாது, முழுப் பாதையை எழுத வேண்டும். ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் நிலைக்கோடு (|) வேலை செய்யாது. இரண்டு கட்டளையை இணைக்கும் இரட்டை & குறியும் வேலை செய்யாது. நீங்கள் வைத்திருக்கும் கட்டளைச் சுருக்கப் பெயர்களும் இதற்குத் தெரியாது.

வழி இரண்டு. சிறிய கட்டளை என்றால் எஸ்ஹெச் (sh) என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு மைனஸ் குறியோடு சி (-c), அப்புறம் மொத்தக் கட்டளையையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அப்போது ஷெல் வழியாக ஓடும். ஒரு வரிக்கு மேல் போனால் அதைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பாக (கட்டளைகள் அடங்கிய உரைக்கோப்பு) எழுதி, அந்தக் கோப்பின் முழுப் பாதையை மட்டும் பெட்டியில் கொடுங்கள். கோப்புக்கு இயக்கும் அனுமதி தர மறக்காதீர்கள். கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் நிரலாக இயக்கலாம் என்ற தேர்வு. முதல் வரியில் எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்ற #! வரியும் இருக்க வேண்டும்.

நான் இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்கிரிப்டை ஒரே அடைவில் வைத்தால் நகலெடுப்பதும் திருத்துவதும் சுலபம். பின்னாளில் கட்டளை மாறினாலும் ஷார்ட்கட்டைத் தொட வேண்டியதில்லை.

டெர்மினலுக்குள் எழுத்தாகக் காட்டும் நிரல்களைக் கொடுத்தால் திரையில் எதுவுமே தெரியாது. நிரல் ஓடி முடிந்திருக்கும், விடையைக் காட்டத்தான் இடமில்லை. டெர்மினல் நிரலைத் திறந்து அதற்குள் இதை ஓட்டும்படி எழுத வேண்டும். உபுண்டுவில் கண்ட்ரோல் + ஆல்ட்டோடு டெர்மினலின் முதலெழுத்தான டி-யை அழுத்தினால் டெர்மினல் திறக்கும், ஆனால் அது க்னோமின் இயல்பான அமைப்பு இல்லை. வேறு லினக்ஸுக்கு மாறினால் அதை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

6. மற்ற டெஸ்க்டாப்களில்

கேடிஇ பிளாஸ்மாதான் இந்த விஷயத்தில் மிகத் தாராளம். சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, ஷார்ட்கட்ஸ். பிளாஸ்மா 5-இல் ஷார்ட்கட்ஸ் தனித் தலைப்பாக இருக்கும். ஒரே வேலைக்குப் பல விசைக் கூட்டுகளை வைக்கலாம், அதனால் பழையதை அழிக்காமலே புதியதைச் சேர்த்துப் பழகலாம். இது பெரிய வசதி. சூப்பர் விசையை இங்கே மெட்டா என்பார்கள். மாற்றியதும் 'அப்ளை' அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் சேமிக்கப்படாது. மொத்த அமைப்பையும் கோப்பாக ஏற்றுமதி, இறக்குமதி செய்ய அங்கேயே பட்டன் இருக்கிறது.

எக்ஸ்எஃப்சிஇ-யில் இரண்டு இடம். நிரல்களைத் திறக்கும் ஷார்ட்கட்கள் கீபோர்டு செட்டிங்ஸின் 'அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ்' தாவலில், விண்டோவை நகர்த்துவது, மூடுவது போன்றவை 'விண்டோ மேனேஜர்' செட்டிங்ஸின் கீபோர்டு தாவலில். ஒன்றில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். சூப்பர் விசையைத் தனியாக மெனுவுக்கு ஒதுக்கினால், சூப்பரோடு தொடங்கும் மற்ற கூட்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று உடனே சோதித்துவிடுங்கள்.

சின்னமனில் கீபோர்டு செட்டிங்ஸின் ஷார்ட்கட்ஸ் தாவல். சொந்தக் கட்டளைக்கும் அங்கேயே தனிப் பிரிவு உண்டு. ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளை வைக்கலாம்.

7. செயலிகளோடு மோதும்போது

டெஸ்க்டாப்பும் செயலியும் ஒரே விசையைக் கேட்டால் டெஸ்க்டாப்புக்குத்தான் கிடைக்கும். செயலிக்கு அது அழுத்தப்பட்டதே தெரியாது. நிரலாளர்கள் இதில் அதிகம் அடிபடுவார்கள். நிரல் எழுதும் செயலியான இன்டெல்லிஜே-யில் நிரலை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோல் + ஆல்ட் + எல், எக்ஸ்எஃப்சிஇ-யிலும் சின்னமனிலும் திரையைப் பூட்டிவிடும். அதே செயலியில் ஆல்ட் + எஃப்7, ஒரு பெயர் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடுவது. க்னோமில் அது விண்டோவை நகர்த்தும். கண்ட்ரோல் + ஆல்ட்டோடு இடது, வலது அம்புக்குறி க்னோமில் பணியிடத்தை மாற்றும், இன்டெல்லிஜே-யில் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பும்.

யாரை மாற்றுவது? நான் டெஸ்க்டாப்பை மாற்றுவேன். செயலியின் ஷார்ட்கட்கள் அதன் உதவிப் பக்கங்களிலும் பாடங்களிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கும், அவற்றை மாற்றினால் கற்றுக்கொள்ளும்போதெல்லாம் மனதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் திரைப் பூட்டுக்கு சூப்பர் + எல் இருக்கும்போது மற்றதை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.

மவுஸும் மோதும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் விண்டோ நகரும் வசதி எக்ஸ்எஃப்சிஇ-யில் இயல்பாகவே உண்டு. பிளெண்டர் போன்ற வரைகலைச் செயலிகளுக்கு ஆல்ட் + கிளிக் தேவை. 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' திரையின் அக்சஸிபிலிட்டி தாவலில் ஆல்ட்டை சூப்பராக மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

செயலிக்குள்ளேயே மாற்ற வேண்டும் என்றால்: விஎஸ் கோடில் கண்ட்ரோல் + கே அழுத்தி, தொடர்ந்து கண்ட்ரோல் + எஸ். லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு. அங்கே மாற்றம் எல்லாச் செயலிக்குமா, ரைட்டருக்கு மட்டுமா என்று கேட்கும், கவனித்துத் தேர்ந்தெடுங்கள். க்னோம் டெர்மினலில் எஃப்10 மெனுவைத் திறக்கிறது, அதனால் உள்ளே ஓடும் ஹெச்டாப் போன்ற நிரலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், டெர்மினலின் ப்ரிஃபரன்ஸஸில் மெனுவுக்கான எஃப்10 தேர்வை நீக்குங்கள். குரோமில் உலாவியின் சொந்த ஷார்ட்கட்களை மாற்ற வழி இல்லை, நீட்சிகளின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஷார்ட்கட்களை மட்டும் நீட்சிகள் பக்கத்தில் மாற்றலாம்.

8. மொழி மாற்றும் விசையும் தமிழில் எழுதும்போது வரும் சிக்கலும்

க்னோமில் மொழி மாற்ற சூப்பர் + ஸ்பேஸ், பின்னோக்கி மாற்ற ஷிப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதை ஷார்ட்கட் பட்டியலில் 'டைப்பிங்' என்ற தலைப்பின் கீழ் மாற்றலாம். பழைய பழக்கத்தில் ஆல்ட் + ஷிப்ட் வைக்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். ஆல்ட் + ஷிப்டோடு தொடங்கும் செயலி ஷார்ட்கட்களை அழுத்தும்போதெல்லாம் மொழி மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழ் 99 அல்லது இன்ஸ்கிரிப்ட் அமைப்பு செயலில் இருக்கும்போது சில செயலிகளில் கண்ட்ரோலோடு எழுத்துச் சேர்ந்த ஷார்ட்கட்கள் வேலை செய்யாது. சி விசையை அழுத்தும்போது செயலிக்குப் போவது தமிழ் எழுத்து, அதற்கு கண்ட்ரோல் + சி என்று தெரிவதில்லை. உள்ளீட்டு மொழிகளின் பட்டியலில் ஆங்கிலத்தை முதலில் வையுங்கள், பல இடங்களில் இதுவே தீர்த்துவிடும். ஐபஸ் (க்னோம் பயன்படுத்தும் மொழி உள்ளீட்டு மென்பொருள்) வழியாக ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அடியில் இருப்பது ஆங்கில அமைப்பு என்பதால். எந்த முறையில் எழுதினாலும், புது ஷார்ட்கட்டைப் பதியும் நேரத்தில் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுப் பதியுங்கள்.

ஐபஸ் தனக்கென்றும் சில விசைகளைப் பிடித்துவைத்திருக்கிறது. கண்ட்ரோல் + ஷிப்ட் + யு யூனிகோடு எண்ணால் எழுத்தை உள்ளிட. சில பதிப்புகளில் கண்ட்ரோலோடு புள்ளியை அழுத்தினால் எமோஜிக்குப் போகும். விஎஸ் கோடில் பிழைக்கு உடனடித் திருத்தம் காட்டும் விசையும் அதுதான் என்பதால், விஎஸ் கோடு கெட்டுவிட்டதாகவே தோன்றும். ஐபஸ்-செட்டப் என்ற நிரலைத் திறந்து எமோஜி தாவலில் இரண்டையும் நீக்கலாம். டெஸ்க்டாப் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் இவை அங்கே இல்லை.

9. வைத்தும் வேலை செய்யவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், விசை கணினிக்கு வருகிறதா? எக்ஸ்11-இல் எக்ஸ்இவி (xev), வேலண்டில் டபிள்யூஇவி (wev) என்ற சிறு கருவிகள் உண்டு. அதன் விண்டோவில் விசையை அழுத்தினால் அதன் பெயர் டெர்மினலில் வரும். ஒற்றை எழுத்து வருகிறது, உங்கள் கூட்டு மட்டும் வரவில்லை என்றால், மேலே யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்.

கூட்டு ஒழுங்காக வந்தால் டெஸ்க்டாப் அதைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். நீங்கள் பதிந்தது சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

மேலே எடுப்பது யார் என்று தெரியாவிட்டால் க்னோம் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நீட்சிகளின் ஷார்ட்கட்கள் அவற்றின் சொந்த அமைப்புப் பக்கத்தில்தான் இருக்கும், பொதுப் பட்டியலில் வராது. விண்டோவை அடுக்கும் நீட்சிகள்தான் அதிகம் பிடித்துவைப்பவை.

மெய்நிகர் கணினியிலோ தொலைவிலிருந்து இயக்கும் விண்டோவிலோ மட்டும் எந்த ஷார்ட்கட்டும் எடுபடவில்லை என்றால், அந்த விண்டோ எல்லா விசைகளையும் தனக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. வேலண்டில் க்னோம் முதலில் உங்களிடம் அனுமதி கேட்டிருக்கும். சூப்பர் + எஸ்கேப் அழுத்தினால் ஷார்ட்கட்கள் திரும்ப டெஸ்க்டாப்புக்கு வரும். இந்த ஒரு விசையை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோ திறந்திருக்கும்போது மட்டும் வேலை செய்து, பின்னால் போனதும் நின்றுவிடும் ஷார்ட்கட் என்றால், அது செயலி தானே கேட்டுக்கொண்டிருப்பது. குரல் அரட்டையில் ஒலியை நிறுத்துவது, திரையைப் பதிவது போன்றவற்றில் இது நடக்கும். வேலண்டில் இதற்கென்று முறையான வழி வந்துவிட்டது. கேடிஇ பிளாஸ்மா 5.27-லும், க்னோம் 48-லும் செயலி அனுமதி கேட்டு எங்கிருந்தும் வேலை செய்யும் ஷார்ட்கட்டைப் பெறலாம். செயலியும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும், அதனால் இரண்டையும் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

10. விசையையே மாற்றுவது

கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலாக்குவதுதான் பலரும் முதலில் கேட்பது. சுண்டுவிரல் இயல்பாகத் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விசை வீணாகிறது என்பது உண்மைதான். க்னோம் ட்வீக்ஸை நிறுவி, கீபோர்டு பகுதியில் 'அடிஷனல் லேஅவுட் ஆப்ஷன்ஸ்' திறந்தால் கேப்ஸ் லாக்குக்கும் கண்ட்ரோலுக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கிறது. கேடிஇ-யில் கீபோர்டு அமைப்பிலேயே இதே தேர்வுகள்.

இதற்கு மேல், தட்டினால் ஒன்று, பிடித்தால் ஒன்று என்று வேண்டுமானால் கீடி (keyd) போன்ற கருவி தேவை. அது வேலண்ட், எக்ஸ்11 இரண்டிலும் ஓடும், நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். பிழையான அமைப்பால் கீபோர்டே முடங்கிப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். அமைப்புக் கோப்பைத் தொடும் முன் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. வேறு கணினிக்கு எடுத்துப்போவது

இரண்டு வாரம் பழகி, பட்டியல் நிலைத்த பிறகு மறுபடி நகல் எடுங்கள். புதுக் கணினிக்கு முழு நகலையும் ஏற்றினால் பின்னணிப் படம் முதல் பட்டியில் குத்திய செயலிகள் வரை எல்லாம் வந்துவிடும். அது வேண்டாம் என்றால் மூன்றாவது படியில் சொன்ன நான்கு பகுதிகளைத் தனித்தனியாக எடுத்துத் தனித்தனியாக ஏற்றுங்கள். டம்ப் என்ற இடத்தில் லோடு (load), பெரிது-குறிக்குப் பதில் சிறிது-குறி (<). பகுதியின் பாதை சாய்கோட்டில் தொடங்கி சாய்கோட்டில் முடிய வேண்டும், கடைசிச் சாய்கோட்டை விட்டால் கட்டளை மறுக்கும்.

புதுக் கணினியில் ஏற்கெனவே சொந்தக் கட்டளை எதையாவது சேர்த்திருந்தால், ஏற்றும் முன் அதைக் குறித்துவைத்துவிடுங்கள். க்னோம் அவற்றை கஸ்டம்0, கஸ்டம்1 என்று வரிசை எண்ணில் வைப்பதால் புதிதாக வருவது பழையதன் மேல் எழுதிவிடும். ஸ்கிரிப்ட் கோப்புகளை அதே பாதையில் வைத்து, இயக்கும் அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோனால் அந்த அனுமதி பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும்.